சிவப்பு ரிப்பன் நாட்கள்

இதை என் கையால்தான் எழுதுகிறேன். ஆனால் எழுதியதை என்னால் படிக்க முடியாது. நோட்டின் மேல் ஓர் அட்டையை வைத்து, அதன் விளிம்பை ஒட்டியே பேனாவை ஓட்டுகிறேன். வரி முடிந்ததும் அட்டையை ஒரு விரற்கடை கீழே இறக்குகிறேன். கை எழுத்தை மறக்கவில்லை, கண்தான் மறந்துவிட்டது. சரியாகச் சொன்னால் கண்ணும் இல்லை, கண்ணுக்குப் பின்னால் இருக்கிற ஏதோ ஒன்று. எட்டாவது வரை படித்தவள் நான். வகுப்பில் கையெழுத்துக்கு என் நோட்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

எனக்கு வந்தது இன்னொருத்திக்கும் வந்திருக்கலாம். அவளையும் நடிக்கிறாள் என்றும் பைத்தியம் என்றும் யாராவது சொல்லிக்கொண்டிருக்கலாம். அவள் வீட்டு ஆட்களாவது இதைப் படிக்கட்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது எழுத்திலும் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விருத்தாசலத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பொம்மைக் கூடம் இருந்தது. இப்போது இல்லை, பெயரும் வேண்டாம். அச்சிலிருந்து தலை தனியாக, உடம்பு தனியாக, கை தனியாக வரும். அவற்றை ஒட்டி உருவமாக்குவது என் வேலை. ஒட்டும் இடத்தை ஊசியால் கீறி, கூழாகக் கரைத்த களிமண்ணைத் தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்த வேண்டும். அந்தக் கூழுக்கு ஸ்லிப் என்று பெயர். எங்களிடம் இருந்தது ஒரே ஜோடிக் கை அச்சு. ஒரு கையை இடுப்பில் ஒட்டினால் குடம் வைத்திருக்கும் பெண். அதே கையைத் திருப்பி வாயோரம் ஒட்டினால் யாரையோ கூவி அழைக்கும் பெண். துண்டில் ஒன்றும் கிடையாது, எதை எதோடு எங்கே சேர்க்கிறோம் என்பதில்தான் பொம்மை இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிற பெண்களிடம் இதை அதட்டியே சொல்வேன். "தனம் அக்கா கிட்ட மாட்டுனா செத்தோம்" என்று அவர்கள் பேசிக்கொள்வது என் காதிலும் விழும். எனக்கு அதில் பெருமைதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி. மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒட்டி வைத்த பொம்மைகள் காயவில்லை. ஈரப் பொம்மையைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும். அதனால் காய வைக்கிற அறையில் நான்கு கணப்புச் சட்டிகளில் அடுப்புக்கரியை மூட்டி, சாரல் அடிக்கிறதென்று ஜன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டு, கதவையும் சாத்திக்கொண்டோம். சாத்தியது நான்தான். உள்ளே இருந்தது நானும் புஷ்பமும். புஷ்பம் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், என்னைவிட இரண்டு வயது சின்னவள். அவள் கதவோரம் உட்கார்ந்திருந்தாள், நான் சட்டிகளுக்கு நடுவே. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தலை வலித்தது. மழைக்குளிர் என்று நினைத்தேன். புகை இல்லை, நாற்றம் இல்லை, பயப்பட ஒன்றுமே இல்லை. அப்புறம் எனக்கு ஞாபகம் இல்லை.

ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்திருக்கிறேன். கரி காற்றில்லாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருமாம். நம் ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளுமாம். மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும், மூளை மட்டும் பட்டினி கிடக்கும். புஷ்பம் அன்று சாயங்காலமே எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டாளாம். ஒரே அறை, ஒரே கரி. அவள் எழுந்து நடந்தது பின்னால் எனக்கே வினையாக வந்தது.

மூன்றாம் நாள் கண்ணைத் திறந்தேன். வெளிச்சம் தெரிந்தது, நிறம் தெரிந்தது. பச்சை தெரிந்தது, வெள்ளை தெரிந்தது, ஏதோ பளபளவென்று ஒன்று தெரிந்தது. ஆனால் எதுவும் எதுவாகவும் இல்லை. எதிரே ஒரு காக்கி நிறம் குனிந்தது. அதன் மேலே ஒரு பழுப்பு, அதில் கறுப்பாக இரண்டு, சிவப்பாக ஒன்று, நடுவே ஒரு மேடு. நான் அதையே வெறித்துக்கொண்டிருந்தேன். பீடி வாடை வந்தது.

"தனம், நாந்தான். என்னாத்துக்கு அப்படிப் பாக்குற?" என்றது அது.

குரலைக் கேட்டதும்தான் தெரிந்தது, அது என் வீட்டுக்காரர் வைத்திலிங்கம். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை ஏற்றுகிறவர். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் முகத்தை. கல்யாணமாகி எட்டு வருஷம் பார்த்த முகம். "கண்ணு கூசுது" என்று பொய் சொன்னேன். அதுதான் முதல் பொய்.

ஒரு வாரத்தில் உடம்பு தேறியது, கண் தேறவில்லை. ரயிலேறிப் போகிற தூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதன் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. ரயில் ஜன்னலில் ஊர்ந்து போனதெல்லாம் பச்சையும் தண்ணீரின் மினுமினுப்பும்தான். மரம் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வைத்திலிங்கம் ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார். வழக்கமாகப் பேசாத மனுஷர். அவருக்குப் பாதி புரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

அங்கே வெளிவராந்தாவில் பெஞ்சுபெஞ்சாகக் காத்திருந்தோம். கண்ணில் சொட்டு விட்டு, கண்மணியை அகலமாக்கி, விளக்கடித்து உள்ளே பார்த்தார்கள். "கண்ணு ஒண்ணும் இல்லம்மா, நல்லாருக்குது" என்றார்கள். முதுகெலும்பில் ஊசி குத்தித் தண்ணீர் எடுத்தார்கள். மூளைக்குள் காய்ச்சலோ கட்டியோ இருந்தால் அந்தத் தண்ணீர் காட்டிக்கொடுக்குமாம். அதன் பிறகு தலையைத் தூக்கக் கூடாது என்று ஒரு நாள் முழுக்கப் படுக்க வைத்தார்கள். தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டி, மூளையில் ஓடுகிற மின்சாரத்தைக் காகிதத்தில் கோடு கோடாக இழுத்தார்கள். எல்லாக் காகிதத்தையும் பெரிய டாக்டர் பார்த்தார். வெள்ளைக் கோட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டே பேசுகிற குரல். அவரை எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

அவர் என் முன்னால் எதையோ நீட்டினார். "இது என்ன?"

"பளபளன்னு இருக்குது. எவர்சில்வருங்க. வளைவா ஒண்ணு தெரியுது."

"என்ன சாமான்?"

"தெரியலிங்க."

"சரி, வாங்கிக்கோ."

கையை நீட்டி வாங்கினேன். விரல்கள் சரியான அகலத்துக்கு விரிந்து, சரியாகப் போய்ப் பிடித்தன. பிடித்த அந்த நொடியே, "டம்ளரு" என்றேன்.

"கண்ணு தெரியாதவ தடவித் தடவித்தான் வாங்குவா. நீ பாத்து வாங்குற" என்றார். கூட நின்றவர்கள் யாரோ சிரித்தார்கள். என் கைக்குத் தெரிந்த அகலம் எனக்கு ஏன் தெரியவில்லை என்று எனக்கும் புரியவில்லை.

அவருக்குக் கீழே ஒரு சின்ன டாக்டரம்மா இருந்தார். காலில் ரப்பர் செருப்பு, நடந்தால் சப்சப்பென்று சத்தம் வரும், அதை வைத்துத்தான் அவரைத் தெரிந்துகொள்வேன். அவர் தினமும் சாயங்காலம் வந்து காகிதத்தில் படம் போட்டுக் காட்டுவார்.

"என்ன தெரியுது? பேரு வேணாம், தெரியறத சொல்லுங்க."

"இங்க ஒரு கோடு. அங்க ஒரு கோடு. நெட்டையா ரெண்டு. படுக்கையா ஒண்ணு."

"கோடெல்லாம் சரி. நான் போட்டது நாற்காலி."

எனக்கு அழுகை முட்டியது. "துண்டெல்லாம் பலகையில கெடக்குது டாக்டரம்மா. ஒட்ட மாட்டேங்குது. ஸ்லிப்பு தீந்துபோச்சு" என்றேன். அவர் ஸ்லிப் என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். அதை அவர் எழுதிக்கொண்ட சத்தம் கேட்டது. நான் சொன்னதை அந்த ஆஸ்பத்திரியில் ஒருவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மல்லிகாவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. தள்ளிப் போடுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. மல்லிகா என் மகள். ஒரே மகள். அப்போது ஐந்து வயது. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது புஷ்பம்தான் அவளுக்குச் சோறு போட்டு, தலைவாரி, ஞாயிற்றுக்கிழமை தோறும் ரயிலில் கூட்டி வந்தாள். முதல் ஞாயிறு புஷ்பம் அவளை என் கட்டிலருகே நிறுத்தினாள். நான் பார்த்தேன். பழுப்பாக ஒன்று, அதில் கறுப்பாக இரண்டு, நடுவே ஒரு சின்ன மேடு. எல்லாக் குழந்தைக்கும் இருக்கிற துண்டுகள். இது யார் என்று அந்தத் துண்டுகள் சொல்லவில்லை. "அம்மா" என்று அவள் கூப்பிட்ட பிறகுதான் அள்ளிக்கொண்டேன். பெற்ற பிள்ளையை யாரோ சொல்லித் தெரிந்துகொள்கிற மாதிரி ஆகிவிட்டதே என்று உள்ளே வெந்துபோனேன்.

அவளை வெளியே விளையாட அனுப்பிவிட்டுப் புஷ்பத்திடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "இவருக்குச் சொல்லாத. எம் பொண்ணையே எனக்குத் தெரியலன்னு தெரிஞ்சா மனுஷன் ஒடிஞ்சிபோயிடுவாரு."

புஷ்பம் கட்டிலில் என்னை ஒட்டி உட்கார்ந்தாள். பிறகு, "நெறம் தெரியுதுன்னியே அக்கா. ரெட்ட ஜடை போட்டு நல்ல செவப்பு ரிப்பன் கட்டிக் கூட்டியாரேன். ரெண்டு பக்கமும் செவப்பு தெரிஞ்சா மல்லிகான்னு வெச்சிக்க" என்றாள்.

அதன்படியே செய்தோம். அடுத்த ஞாயிறு வார்டு வாசலில் இரண்டு சிவப்புத் தெரிந்ததும், "மல்லி, வாடி இங்க" என்று கூவினேன். அவள் ஓடி வந்து ஒட்டிக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரிகள் "பொண்ணு மட்டும் எவ்ளோ தூரத்துல வந்தாலும் தெரிஞ்சிடுது பாரு" என்றார்கள். வைத்திலிங்கம் சிரித்தார். மூன்று ஞாயிறு இந்த நாடகம் நடந்தது. ஒருநாளும் நான் வெட்கப்படவில்லை, கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்தேன்.

இடையில் இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்தேன். எனக்குப் புத்தி பிசகவில்லை என்று காட்ட வேண்டும் என்று வெறி. புஷ்பத்திடம் சொல்லிப் பொம்மைத் துண்டுகளையும் கொஞ்சம் ஸ்லிப்பையும் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவர வைத்தேன். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது கட்டிலில் உட்கார்ந்து ஒட்டினேன். கீறி, தடவி, அழுத்தி, விரலால் வழித்து, குடத்துப் பெண்ணை நிறுத்திவிட்டேன். தப்பே இல்லை. "இப்ப இதப் பாத்துச் சொல்லு, என்ன பொம்மை?" என்றார். பார்த்தேன். சாம்பல் நிறம், அங்கங்கே ஈரப் பளபளப்பு. நான் இப்போதுதான் செய்தது, அதனால் மட்டுமே தெரிந்தது. "செஞ்சதால தெரியும், பாத்தாத் தெரியலிங்க" என்றேன்.

அவர் வைத்திலிங்கத்தை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"கூட இருந்த பொம்பளை அன்னைக்கே எழுந்துட்டா. இவ பொம்மை செய்யறா, டம்ளர் வாங்கறா, தெரியலன்னு சொல்றா. ஒண்ணு நடிப்பு, இல்லன்னா மனசு. மனசுன்னா இங்க வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. சென்னைக்கு, மனநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்."

"இல்லிங்க சார். புள்ளய நல்லாத் தெரியுதுங்க. வாசல்லயே பேர் சொல்லிக் கூப்புடுது. வார்டுல யார வேணா கேளுங்க."

"புள்ள அம்மான்னு கூப்பிட்டிருக்கும். அடுத்த வாட்டி வாயத் திறக்காம கொண்டாந்து முன்னால நிறுத்து. நானும் இருக்கேன். பாத்துட்டு முடிவு பண்றேன்."

மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். ஆனால் உடனே ரிப்பன் ஞாபகம் வந்தது. அவள் பேசாவிட்டாலும் சிவப்பு பேசும். தைரியமாகப் படுத்துக்கொண்டேன். வைத்திலிங்கத்தைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வாரத்தில் எத்தனையோ நேரம் இருந்தது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தீராத குறை என்றால் மணவாளநல்லூர் முருகனிடம் பிராது கொடுப்பார்கள். போலீசுக்கு எழுதுகிற மாதிரியே மனு எழுதி, சந்நிதியில் வைத்து வாங்கி, காவல் தெய்வமான முனியப்பர் பக்கம் கட்டிவிட்டு வருவார்கள். வைத்திலிங்கம் என்னிடமும் சொல்லாமல், புஷ்பத்திடமும் சொல்லாமல், சனிக்கிழமை மல்லிகாவைத் தூக்கிக்கொண்டு அங்கே போயிருக்கிறார். "என் சம்சாரம் பொய்யும் சொல்லவில்லை, பைத்தியமும் இல்லை. இதை டாக்டர் கண்ணுக்குக் காட்டித் தர வேண்டும்" என்று எழுதிக் கட்டியிருக்கிறார். வெறும் மனு போதாது என்று தோன்றியிருக்கிறது. பலித்த பிறகு கொடுக்க வேண்டிய முடியை முன்கூட்டியே கொடுத்துவிட்டார். மல்லிகாவுக்கு மொட்டை அடித்து, தலை நிறையச் சந்தனம் பூசி, அங்கிருந்தே நேராக ராத்திரி ரயிலுக்குக் கூட்டி வந்திருக்கிறார். வழியெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்: "அம்மா உன்னப் பாத்ததும் கூப்புடும். அதுவரைக்கும் வாயத் தெறக்கக் கூடாது. தெறந்தா அம்மாவ வேற ஊருக்கு அனுப்பிடுவாங்க."

ஞாயிறு காலை பத்து மணிக்கே நான் முடி வாரி, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். வெள்ளைக் கோட்டுகள் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றன. செருமல் கேட்டது, ரப்பர் செருப்பு கேட்டது. வாசலில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். சிவப்பு வரவில்லை.

என் கட்டிலருகே ஏதோ வந்து நின்றது. குட்டையாக, மஞ்சளும் பழுப்புமாக. சந்தன வாடை அடித்தது. மூன்று கட்டில் தள்ளி ஒருத்தியின் பையனுக்கு மொட்டை அடித்திருந்தார்கள், அவன் வார்டு முழுக்கச் சுற்றிக்கொண்டிருப்பான். அவன்தான் என்று நினைத்தேன். நன்றாக, நேராக, அதன் முகம் இருக்கிற இடத்தைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்திருக்க வேண்டும்.

"யார்ரா அது, எந்தக் கட்டில் நீ?" என்றேன்.

அது நகராமல் நின்றது.

"வாய்ல என்ன கொழுக்கட்டையா? நகந்து நில்லு. எம் பொண்ணு வர நேரம், வாசல மறைக்காத."

பக்கத்துக் கட்டில்காரி "ஐயோ" என்றாள். நான் இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்குப் பின்பக்கம் ஓர் ஆள் அழுகிற சத்தம் கேட்டது. ஆம்பளை அழுகை. எட்டு வருஷத்தில் நான் கேட்டிராத சத்தம், அதனால் யார் என்று தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"தனம்," என்றார். "அதுதாண்டி மல்லிகா."

அவளைத் தூக்கிக் கட்டிலில் என் மடியோரம் உட்கார வைத்தார். என் கை தானாகப் போனது. சந்தனம் காய்ந்த தலை, காது, நெற்றி. வலது புருவத்தில் ஒரு தழும்பு, தவழுகிற வயதில் படி இடித்து வந்தது. விரல் அதைத் தொட்டதும் துண்டுகளெல்லாம் ஒரே நொடியில் ஒட்டிக்கொண்டன. என் மகள் என் கையில் இருந்தாள். "மல்லி, மல்லி" என்று கத்தினேன். அவள் அழவில்லை. வாயை இறுக மூடியிருந்தாள். அப்பா திறக்கச் சொல்லவில்லை என்பதால் திறக்கவில்லை.

அன்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், ரிப்பனை, மூன்று ஞாயிறு நாடகத்தை, எல்லாம். பெரிய டாக்டர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "ரிப்பன் விஷயத்த மொதல்லயே சொல்லியிருக்கணும்" என்றார். அது நியாயம்தான். சென்னைக்கு எழுதியிருந்த கடிதத்தை அவர் கிழித்துப் போட்டதாகச் சின்ன டாக்டரம்மா பிறகு சொன்னார். பெற்ற பிள்ளையை விரட்டிவிட்டு அதற்காகவே காத்திருக்க எந்த நடிகையாலும் முடியாது, கை பட்டதும் அப்படி அள்ளிக்கொள்ள எந்தப் பைத்தியத்தாலும் முடியாது என்று பேசிக்கொண்டார்களாம். முருகன் பிராதை ஒரு வார்த்தை விடாமல் படித்திருக்கிறார். கேட்டதைக் கேட்டபடியே கொடுத்துவிட்டார்.

சின்ன டாக்டரம்மா என்னிடம் பொறுமையாக விளக்கினார். "அக்கா தங்கச்சிய அடிச்சா, தங்கச்சி அக்காவ அடிச்சா. ரெண்டுலயும் அதே ஆளுங்க, அதே அடி. ஆனா செய்தி வேற இல்லியா? யாரு யாரங்கறதுதான் செய்தி. கண்ணு ஆளுங்கள மட்டும்தான் அனுப்பும். மேடு, பள்ளம், கோடு, நெறம். எது எதுக்கு மேல, எது எதோட பக்கத்துலன்னு மூளைதான் வாக்கியமாக் கட்டணும். பாக்கறதுன்னா உள்ளுக்குள்ள ஒரு வாக்கியம் சொல்றதுதான். உங்களுக்கு அந்த வாக்கியம் கட்டற எடம் பட்டினியில செத்துப்போச்சு. கைக்குப் போற வழி வேற, அது தப்பிச்சுது."

"அப்ப எனக்கு வார்த்தை இருக்குது, பேச்சு இல்ல" என்றேன்.

"ஆமாம்."

"திரும்பி வருமா?"

அவர் பொய் சொல்லவில்லை. "கொஞ்சம் வரும். முகம் வருமான்னு தெரியலம்மா" என்றார்.

கொஞ்சம் வந்தது. ஆறு மாதம் கழித்து நாற்காலியை நாற்காலி என்று கண்டேன். ஒட்டுகிற வேலையைத் தலைகீழாகச் செய்து கற்றுக்கொண்டேன். கால் நான்கு, மேலே பலகை, பலகைக்குப் பின்னால் சாய்வு, அப்படியானால் நாற்காலி. எழுத்துக் கூட்டிப் படிக்கிற முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி சாமான்களைக் கூட்டிப் படிக்கிறேன். அசைகிறதென்றால் சுலபம், மாடு நடந்தால் மாடு என்று தெரியும், நின்றால் சந்தேகம். அச்சடித்த எழுத்து வரவில்லை. முகம் வரவில்லை. கூட்டிப் படித்து முடிப்பதற்குள் ஆள் தெருவைத் தாண்டிவிடுகிறார். கண்ணாடியில் ஒருத்தி நிற்கிறாள், அவள் சேலை நிறத்தை வைத்து நான்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மல்லிகா பல நாள் என்னிடம் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவாள், குளிக்க வார்த்தால் நிற்பாள். முடி வளர்ந்தது. புஷ்பம் ரிப்பன் வாங்கி வந்தபோது வேண்டாம் என்று தலையை ஆட்டினாளாம். அப்புறம் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் நின்று, "நாந்தாம்மா" என்றாள். அன்றிலிருந்து அது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. அடுப்படிக்குள் வந்தால் "நாந்தாம்மா". கிணற்றடிக்கு வந்தால் "நாந்தாம்மா". கூடப் படிக்கிற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள், இவள் நிறுத்துவதில்லை. இப்போது பன்னிரண்டு வயது. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. அவளுக்கு மறந்திருக்கும் என்று நான் என்னையே தேற்றிக்கொண்டிருந்தேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டுவதும் அவள்தான். வரி மேல் வரி ஏறியிருந்தால் திருத்தித் தருவாள். கணப்புச் சட்டியைப் படித்தாள், டம்ளரைப் படித்தாள், ரிப்பனைப் படித்தாள். குரல் மாறவேயில்லை. மொட்டையைப் படித்தாள். "நகந்து நில்லு. எம் பொண்ணு வர நேரம், வாசல மறைக்காத" என்ற வரியைப் படித்துவிட்டு நிறுத்தினாள். காகிதம் புரளவில்லை.

"வேணாம்னா அடிச்சிடு மல்லி" என்றேன்.

"அடிக்க வேணாம்மா. ஒண்ணு விட்டுப்போச்சு."

"என்னா?"

"நீ சொன்னியா, நான் நகந்து நின்னேன். அந்தப் பக்கத்துக் கட்டிலோரமா. அத எழுதல நீ." நோட்டை மூடுகிற சத்தம் கேட்டது. "அங்க நின்னு, நீ பாத்துக்கிட்டிருக்கியேன்னு, நானும் வாசலத்தாம்மா பாத்துக்கிட்டு நின்னேன். அந்தப் பொண்ணு எப்ப வரும்னு."